மெஷ் பெட்டி மூன்று வைத்தும் இரவில் வைஃபை ஏன் இழுபடுகிறது?

கரடிப்போக்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முன்னுக்குப் போட்டோக்கொப்பிக் கடை, நடுவில் தகரப் பத்தி, பின்னுக்கு வீடு. ஃபைபர் லைன் கடைக்குத்தான் வருகிறது. கனடாவிலிருந்து வந்த மாமா மூன்று பெட்டி கொண்ட மெஷ் செட் ஒன்றை (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்புவது) கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பூட்டிய முதல் கிழமை நல்லாகத்தான் இருந்ததாம். இப்போது பின்னேரம் ஆறரை தாண்டினால் தங்கச்சியின் சூம் வகுப்பு அறுந்து அறுந்து போகிறது. மாமாவோடு வீடியோவில் கதைத்தால் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. "சனல் நெரிசல் என்று சொல்லுறாங்கள் அண்ணை, எந்தச் சனலுக்கு மாத்த?" என்று கேட்டு, போனில் வைஃபை அனலைசரில் எடுத்த படமொன்றும் அனுப்பியிருக்கிறார். அதில் 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் (வைஃபையின் பழைய அலைக்கூட்டம், புதியது 5 பக்கம்) மட்டும் 17 வரிகள், வரிக்கு ஒரு வைஃபைப் பெயர்.

தம்பி, சனல் நம்பர் (பெட்டி கதைக்கிற அலைவரிசையின் இலக்கம்) பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் 17 வரியும் ஆர் ஆருடையது என்று எண்ணிப் பார்ப்போம். உங்கள் மெஷ் பெட்டி மூன்றும் வீட்டுப் பெயர் ஒன்று, விருந்தாளிப் பெயர் ஒன்று என்று ஆளுக்கு இரண்டு பெயர் பரப்புகின்றன, அது 6. லைன் தந்தவர்கள் பூட்டிய ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபை இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, 7. பெயருக்குப் பின்னால் கோடு போட்டு ஒரு வால் தொங்குகிறதே, அது நீங்கள் முன்னர் வாங்கிய, சிக்னலைப் பிடித்துத் திரும்பப் பரப்புகிற ரிப்பீற்றர். மெஷ் வந்த பிறகும் கழற்றவில்லை, 8. 'டிரெக்ட்' என்று தொடங்கும் இரண்டு பெயரும் கடையிலிருக்கும் பிரிண்டர்கள், 10. ரீவியும் ஒன்று பரப்புகிறது, 11. ஆக, பதினேழில் பதினொன்று உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. மிச்சம் ஆறுதான் அயல். அதிலும் நான்கின் பலம் −85 க்குக் கீழே (இந்த இலக்கம் பூச்சியத்துக்குக் கிட்ட வரவரத்தான் சிக்னல் பலம்). அவற்றை உங்கள் பெட்டிகள் அநேகமாகக் கணக்கிலேயே எடுக்காது.

கொழும்பில் மாடிக்கு மாடி வீடு அடுக்கியிருக்கும் இடத்தில் அயலவர்தான் நெரிசல். வெளிநாட்டுக்காரர் எழுதுகிற அறிவுரை எல்லாம் அந்த இடத்தை மனதில் வைத்து எழுதியது. இங்கே அப்படி இல்லை. வவுனியா நகரம், கிளிநொச்சியில் ஏ9 ஓரக் கடைத்தொடர் இரண்டையும் விட்டால், வன்னியில் ஒரு காணிக்கும் மற்றக் காணிக்கும் இடையில் வேலியும் மாமரமும் அரை ஏக்கர் வெளியும் கிடக்கிறது. நான் போய்ப் பார்த்த வீடுகளில் அரைவாசிக்கு மேல், ஆட்கள் தங்களோடு தாங்களே மோதிக்கொண்டு இருக்கிறார்கள். சிக்னல் காணாதென்று ஒரு பெட்டி, அது போதாதென்று இன்னொன்று, பழையதைக் கழற்ற மனமில்லாமல் அதுவும். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில் நான்கு மெஷ் பெட்டி இருந்தன. இரண்டைக் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

பெயர் கூடினால் ஏன் இழுபடுகிறது என்பது விளங்கினால் மிச்சத்தை நீங்களே செய்துவிடுவீர்கள். ஒவ்வொரு பெட்டியும், தான் பரப்பும் ஒவ்வொரு பெயருக்கும், "நான் இங்கே இருக்கிறேன்" என்று நொடிக்குக் கிட்டத்தட்ட பத்துத் தடவை கத்தும். இதைப் பீக்கன் என்பார்கள். 2.4 பக்கத்தில் பல பெட்டிகள் இதை ஆகப் பழைய, ஆக மெதுவான 1 மெகாபிட் வேகத்தில்தான் கத்துகின்றன. எந்தப் பழைய போனுக்கும் கேட்கவேண்டும் அல்லவா. ஒரு பீக்கன் 300 பைட் என்று வைத்தால், அந்த வேகத்தில் அதற்கு இரண்டரை மில்லிசெக்கன் பிடிக்கும். பத்தால் பெருக்குங்கள்: ஒரு பெயருக்கு நூற்றுக்கு இரண்டரைப் பங்கு நேரம். பதினொரு பெயரும் ஒரே சனலில் குந்தியிருந்தால் கால்வாசிக்கு மேல் நேரம், ஒருவரும் ஒரு படமும் பார்க்கத் தொடங்கும் முன்னரே, வெறும் கத்தலில் போய்விடுகிறது. பெயரை மறைத்து வைத்தால் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். குறையாது. பெயர் வெளியே தெரியாதே தவிர பீக்கன் போய்க்கொண்டுதான் இருக்கும்.

வயல் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்வது சுகம். ஒரே வாய்க்காலில் இருக்கிற ஆட்கள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒருவர் மடையைத் திறந்தால் மற்றவர் பொறுத்திருப்பார். வைஃபையும் அப்படித்தான். ஒரே சனலில் இருக்கும் பெட்டிகள் ஒன்றையொன்று கேட்கும், ஒன்று கதைத்தால் மற்றது காத்திருக்கும். மெதுவாகும், ஆனால் ஒழுங்கு இருக்கும். பக்கத்துச் சனலில் இருப்பவன் வேறு விதம். வரம்பை அரைகுறையாக வெட்டி உங்கள் வயலுக்குள் சேறு விடுகிறவன் அவன். நீங்கள் அவன் சொல்வதைக் கேட்கவும் முடியாது, அவன் முறைக்கு நிற்கவும் மாட்டான், வெறும் இரைச்சல்தான். சனல்களுக்கு இடையில் 5 மெகாஹேர்ட்ஸ்தான் தூரம். ஒரு வைஃபைக்கு வேண்டியது ஏறக்குறைய 20. அதனால்தான் 2.4 பக்கம் 13 சனல் இருந்தாலும் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றும்தான். உங்கள் படத்தில் மெஷ் 6 இல் இருக்கிறது, ஃபைபர் பெட்டி 'ஓட்டோ'வில் (தானே சனல் தேடுகிற முறையில்) போய் 8 இல் இருக்கிறது. அந்த 8, ஆறையும் கெடுக்கும், பதினொன்றையும் கெடுக்கும். "எல்லோரும் 6 இல் நிற்கிறார்கள், நாங்கள் 8 க்குப் போவோம்" என்று யோசிப்பது புத்திசாலித்தனம் போலத் தெரியும். அதைவிட 6 இலேயே அவர்களோடு முறைக்கு நிற்பது நல்லது.

இனி வேலைக்கு வருவோம். ஆனால் ஒன்றை முதலில் தீர்த்துவிட வேண்டும்: இது உண்மையிலேயே வைஃபைப் பிரச்சினையா? இரவு எட்டு மணிக்கு, வகுப்பு அறுகிற அதே நேரத்தில், மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோய் ஃபைபர் பெட்டியில் வயரால் கொழுவி வேகம் பாருங்கள். அங்கேயும் படுத்துக்கிடந்தால் நீங்கள் எந்தச் சனலுக்கு மாற்றினாலும் பிரயோசனம் இல்லை, லைன்காரரோடுதான் கதைக்கவேண்டும். சிம் போட்ட 4ஜி ரவுட்டர் பாவிக்கிற வீடுகளில், துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கம், முக்கால்வாசிப் பேருக்குக் கதை இதுதான். பின்னேரம் கோபுரத்தில் ஆட்கள் கூடுகிறார்கள், பழி வீட்டு வைஃபையில் விழுகிறது. வயரில் நல்லாக இருந்தால் அடுத்த சோதனை: வீட்டுக்குள் வந்து, வைஃபையில் இருந்தபடி ரவுட்டரின் சொந்த முகவரிக்கு (செட்டிங்ஸில் 'கேட்வே' என்று இருக்கும் இலக்கம்) பிங் அடியுங்கள், அதாவது சின்னப் பொதி ஒன்றை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 3, 5 மில்லிசெக்கன் என்று வரவேண்டியது 150, 300 என்று துள்ளினால், வெளியே இன்டர்நெட்டுக்குப் போகும் முன்னரே காற்றிலேயே அடைபடுகிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அப்படியென்றால், சனல் மாற்ற முன்னர் கழற்றுங்கள். ரிப்பீற்றரை இன்றைக்கே பிளக்கில் இருந்து எடுங்கள். ஃபைபர் பெட்டியின் செட்டிங்ஸுக்குள் போய் அதன் வைஃபையை இரண்டு பக்கமும், 2.4 உம் 5 உம், நிற்பாட்டுங்கள். உள்ளே போகக் கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் லைன்காரருக்கு அழைத்துச் சொன்னால் அவர்கள் தூரத்தில் இருந்தே செய்வார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு வைஃபை கொடுப்பதில்லை என்றால் விருந்தாளிப் பெயரை மெஷ் அப்பில் அணைத்துவிடுங்கள். ஒரே தட்டில் மூன்று பெயர் குறையும். பிரிண்டர் இரண்டும் கணினியில் வயரால்தானே கொழுவியிருக்கிறது? பிரிண்டரின் மெனுவில் வைஃபை டிரெக்டை அணையுங்கள். ரீவியிலும் அதே. பதினொன்று மூன்றாகிவிடும். இதில் ஒரு சதமும் செலவில்லை.

மூன்று பெட்டியும் தேவையா என்பதையும் யோசியுங்கள். கடையில் ஒன்று, வீட்டுச் சாலையில் (முன் மண்டபத்தில்) ஒன்று, குசினியில் ஒன்று என்று வைத்திருக்கிறீர்கள். சாலைக்கும் குசினிக்கும் இருபது அடி இருக்குமா? மெஷ் பெட்டிகள் வயர் இல்லாமல் தங்களுக்குள் கதைக்கும்போது பெரும்பாலான செட்டுகளில் மூன்றும் ஒரே சனலில்தான் நின்றாகவேண்டும். ஒன்றை 1 இலும் மற்றதை 11 இலும் வைக்க விடாது. வைத்தால் ஒன்றுக்கொன்று கேட்காதே. அதனால் குசினியில் ஒருவர் வீடியோ பார்த்தால், அதே படம் கடையில் இருந்து சாலைக்கு ஒரு தடவை, சாலையில் இருந்து குசினிக்கு ஒரு தடவை, குசினியில் இருந்து போனுக்கு ஒரு தடவை என்று ஒரே சனலில் மூன்று தடவை பயணம் செய்கிறது. 2.4 க்கு ஒன்று, 5 க்கு ஒன்று என்று இரண்டு ரேடியோ மட்டும் உள்ள இரட்டை அலைப் பெட்டிகளில் 100 மெகாபிட் லைன் குசினிக்கு வரும்போது 30 ஆகத் தேய்வது இப்படித்தான். பெட்டிகள் தங்களுக்குள் கதைக்கவென்று மூன்றாவது ரேடியோ வைத்த செட் என்றால் தப்பலாம். ஆனால் அது விலை கூட.

உங்கள் வீட்டில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது: அந்தத் தகரப் பத்தி. ரேடியோ அலைக்குத் தகரம் ஒரு கண்ணாடி மாதிரி, பட்டால் திரும்பி வந்துவிடும். கடைப் பெட்டியும் சாலைப் பெட்டியும் கதவிடுக்காலும் கூரை நீக்கலாலும் எட்டிப்பார்த்துக் கதைத்துக்கொண்டு இருக்கின்றன. கதவைச் சாத்தினால் வேகம் விழுகிறதா என்று ஒருக்கால் பாருங்கள். சிக்னல் பலவீனமானால் பெட்டி மெதுவான வேகத்துக்கு இறங்கும், மெதுவாகக் கதைக்கிறவன் காற்றை நெடுநேரம் பிடித்து வைப்பான். 1500 பைட் பொதி ஒன்று 54 மெகாபிட்டில் போனால் கால் மில்லிசெக்கனும் ஆகாது. அதே பொதி 1 மெகாபிட்டில் 12 மில்லிசெக்கன். ஆகவே படலையில் பூட்டிய வைஃபைக் கமரா, தன்பாட்டில் ஒரு மூலையில் கிடக்கிற சாமான் என்று நினைக்காதீர்கள். தூரம் கூடி, சிக்னல் −80 இல் தொங்கிக்கொண்டு, இருபத்துநாலு மணித்தியாலமும் படம் அனுப்புகிற கமரா வீடு முழுவதையும் காத்திருக்க வைக்கும். கமராக்கள் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் பாவிக்கும் என்பதால் தங்கச்சியின் பழைய போனும் அதுவும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இதற்கு மருந்து வயர்தான். கடையில் இருந்து சாலைக்கு ஒரு கட்6 வயர் இழுத்து, சாலைப் பெட்டியின் லான் துளையில் கொழுவுங்கள். கட்5ஈ கிடந்தாலும் காணும். 100 மீற்றர் வரை தாங்கும், உங்களுக்கு 20 மீற்றர் போதும். வயர் வந்தவுடன் இரண்டு பெட்டிக்கும் இடையிலான போக்குவரத்து முழுவதும் காற்றை விட்டு இறங்கிவிடும். என்னிடம் கேட்டால் சனல் மாற்றுவதால் வருகிற நன்மையைவிட இது பத்து மடங்கு. அதோடு ரீவியையும் வயரில் போடுங்கள். அசையாத சாமானுக்கு வைஃபை எதற்கு? குசினிப் பெட்டியைக் கழற்றிப் படலைப் பக்கம், கமராவுக்குக் கிட்ட ஒரு யன்னலோரம் வையுங்கள். அல்லது மாமி வீட்டுக்குக் கொடுங்கள்.

வைக்கிற இடத்தில் நானும் ஒரு காலத்தில் மோடன்தான். வட்டக்கச்சியில் என் வீட்டில் ஒரு பெட்டியை, வடிவாக இருக்கட்டும் என்று இரும்பு அலுமாரிக்கு மேல், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஆறு மாதம் சனலை மாற்றி மாற்றிக்கொண்டு இருந்தேன். மனைவி துடைக்க எடுத்து மேசையில் வைத்த அன்றுதான் விளங்கியது. நெஞ்சளவு உயரம், இரும்புக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் தள்ளி, அவ்வளவுதான் சாஸ்திரம். வெளி ஹார்ட்டிஸ்கை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். யூஎஸ்பி 3 வயர் 2.4 பக்கத்தில் இரைச்சல் போடும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பக்கம்தான், ஆனால் அது ஓடுகிற மூன்று நிமிடத்துக்குத்தான்.

சரி, சனல். இவ்வளவும் செய்த பிறகு மறுபடி அனலைசரைத் திறவுங்கள். ஆண்ட்ரோய்ட் 9 க்குப் பிறகு ஓர் அப் இரண்டு நிமிடத்துக்கு நான்கு தடவைதான் காற்றைத் தேட விடும்; திறந்த உடனே தெரிவதை நம்பாமல் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஐபோனில் இப்படியான அப்கள் சனலைக் காட்டாது, அப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டியில் மட்டும் செட்டிங்ஸில் ஸ்கேனரை இயக்கினால் தெரியும். பார்க்கும்போது எத்தனை பெயர் என்று எண்ணாதீர்கள், எவ்வளவு பலம் என்று பாருங்கள். −45 இல் நிற்கிற ஒரு பக்கத்துக் கடை, −88 இல் நிற்கிற ஐந்து வீட்டைவிடப் பெரிய தொந்தரவு. நீங்கள் அனுப்பிய படத்தின்படி பலமான அயல் இரண்டும் 1 இலும் 6 இலும் இருக்கின்றன. ஆகவே மெஷ்ஷின் 2.4 ஐ 11 இல் வையுங்கள், அகலத்தை (ஒரு சனல் பிடிக்கிற இடத்தை) 20 மெகாஹேர்ட்ஸில் கட்டுங்கள். 40 என்று வைத்தால் மொத்த 2.4 வெளியில் அரைவாசியை நீங்களே விழுங்கிக்கொண்டு, வேகம் ஒன்றும் கூடாமல் இருப்பீர்கள். 12, 13 ஐப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். கனடாவில் விற்ற செட் அதைக் காட்டவே மாட்டாது. காட்டினாலும் அங்கிருந்து வந்த சில போன்களுக்கு அந்தச் சனல் கண்ணுக்கே தெரியாது. பிறகு "என் போனில் மட்டும் வைஃபை இல்லை" என்று அது வேறொரு வழக்காக வரும்.

சில மெஷ் செட்டுகளில் நம்பரைக் கையால் போட விடமாட்டார்கள். 'நெட்வொர்க் ஒப்டிமைஸ்' என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கும். அப்படியென்றால் அதை அமத்துகிற நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. தானாகவே சனல் தேடுகிற பெட்டிகள் சில, ஆள் பாவிக்காத நடுச்சாமத்தில் தேடும். அந்த நேரம் ஏ9 ஓரக் கடைகளில் அரைவாசி மெயின் சுவிட்ச்சை இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். காற்று வெறிச்சோடிக் கிடக்கும்போது தெரிவு செய்த சனல் காலை ஒன்பதுக்குச் சந்தையாகிவிடும். ஆகவே உங்களுக்கு நோவுகிற நேரத்தில், பின்னேரம் ஏழு ஏழரைக்கு, அமத்துங்கள்.

கரண்ட் விஷயமும் இதோடு சேர்ந்தது. தெருவில் கரண்ட் போய் வந்தால் எல்லா ரவுட்டரும் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. ஒவ்வொன்றும் எட்டிப்பார்க்கும்போது மற்றவை இன்னும் எழும்பவில்லை. எல்லாம் காலி என்று நினைத்து எல்லாம் ஒரே சனலில் போய் விழுகின்றன. பல சாதாரண ரவுட்டர்கள் அடுத்த தடவை நிறுத்தித் தொடங்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையாது. "நேற்றுவரை நல்லாக இருந்தது அண்ணை" என்று வருகிற அழைப்புகள் பெரும்பாலும் மின்வெட்டுக்கு மறுநாள்தான். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டின காலத்தில் ரவுட்டருக்கு என்று சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கி வைத்தவர்கள் கனபேர். உங்கள் வீட்டிலும் அலுமாரிக்குள் ஒன்று கிடக்கக்கூடும். பெட்டியின் அடப்டரில் எழுதிய வோல்ட்டும் அம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து அதில் கொழுவுங்கள்.

5 கிகாஹேர்ட்ஸ் பக்கம் நான் அவ்வளவு கவலைப்படவில்லை. அங்கே இடம் கூட, இரண்டு சீமெந்துச் சுவரைத் தாண்டி அயலவரின் சத்தமும் வராது. லைன்காரரின் பெட்டிகள் அநேகமாக 36 இலிருந்து 48 வரை குந்தியிருக்கும். உங்கள் செட் 149 ஐக் காட்டினால் அங்கே போங்கள். அகலம் 80 இலேயே இருக்கட்டும். கடைத்தொடர் நெருக்கமாகி இரைச்சல் கூடினால் 40 க்கு இறக்கலாம். 52 முதல் 144 வரை உள்ளவை ராடரோடு பங்குபோடுகிற சனல்கள். ராடர் கேட்டதாகப் பெட்டி நினைத்தால் உடனே அவ்விடத்தை விட்டு ஓடவேண்டும் என்பது சட்டம், அப்படியான புதுச் சனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும். வகுப்பு நடக்கிற வீட்டுக்கு அது தோதுப்படாது. இன்னொன்று, பெட்டியில் 'வைஃபை 5' என்று எழுதியிருந்தால் அந்தப் புதுமை முழுவதும் 5 பக்கத்துக்குத்தான், அதன் 2.4 பக்கம் முந்திய தலைமுறையிலேயே நிற்கிறது. தங்கச்சியின் சாதனம் 5 ஐப் பிடிக்குமா என்று பாருங்கள். பிடிக்கும் என்றால் பாதிப் பிரச்சினை அதோடு முடியும்.

வயர் இழுக்கும்போது ஒரு கவனம். கடையும் வீடும் ஒரே கூரைத் தொடர் என்றபடியால் செம்பு வயர் பரவாயில்லை. ஆனால் வளவுக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிற கொட்டிலுக்கோ தம்பியின் புது வீட்டுக்கோ வெளியால் செம்பு வயர் இழுத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அடிக்கிற இடிக்கு, வெட்டவெளியில் போகிற வயர் இரண்டு பக்கப் பெட்டிகளையும் ஒன்றாகச் சுட்டுவிடும். அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி இழை வயரும் இரண்டு முனையிலும் அதைச் செம்பு வயருக்கு மாற்றுகிற கொன்வேர்ட்டரும் போடுங்கள். உள் வயராக இருந்தாலும் வானம் இருண்டால் பிளக்கைக் கழற்றுவது நல்லது. ஃபைபரால் இடி வராது, கரண்ட் லைனால் வரும்.

ரிப்பீற்றரும் ஃபைபர் பெட்டி வைஃபையும் நின்ற பிறகு, வயர் இழுக்க முன்னர் ஒரு படமும் இழுத்த பிறகு ஒரு படமும், இரண்டும் இரவு எட்டு மணிக்கு எடுத்து, பிங் இலக்கத்தோடு அனுப்புங்கள் தம்பி. படலைக் கமராவின் சிக்னல் எவ்வளவு என்பதையும் அதன் அப்பில் பார்த்து எழுதுங்கள்.